ராஸ்பெர்ரி, மாம்பழ சைடர்: பழம் எப்ப போடுறது? இனிப்பும் வாயுவும் ஒண்டா வருமோ?

ஸ்காபரோ_ஜாடி:

வணக்கம். சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைச்ச மது) போட்டிருக்கிறன்: ரெண்டு கண்ணாடி ஜாடி, ஒவ்வொண்டிலயும் 4 லிட்டர் ஆப்பிள் சாறு. லேபிளில ஆப்பிள் சாறும் அஸ்கோர்பிக் அமிலமும் மட்டும்தான். சோர்பேட், பென்சோயேட் மாதிரி கெடாமல் வைக்கிற மருந்து ஒண்டும் இல்லை. தொடக்க அடர்த்தி ஹைட்ரோமீற்றரில (அடர்த்தி அளக்கிற மிதவை, வெறும் தண்ணிக்கு 1.000) 1.048, சீனி சேர்க்கேல்லை. ஈஸ்ட் இசி-1118, 5 கிராம் பக்கெற்றைப் பாதி பாதியா ரெண்டுக்கும் போட்டது. அறை 19 பாகை. இண்டைக்கு 12ஆம் நாள், ரெண்டிலயும் 1.004 காட்டுது. ஏர்லாக்கில (வாயுவை வெளியே விட்டு, காத்தை உள்ள விடாத தண்ணி அடைப்பு) குமிழி நிண்டிட்டுது.

ஈஸ்ட் சத்து ஒரு ஜாடிக்குத்தான் காணுமா இருந்தது, அதை முதலாம் ஜாடிக்குப் போட்டாச்சு. ரெண்டாம் ஜாடி கூழ்முட்டை மாதிரி மணக்குது. பெக்டிக் என்சைம் (பழத்தின்ர பெக்டினை உடைச்சுக் கலங்கலைக் குறைக்கிறது) ரெண்டிலயும் இல்லை.

கையில இருக்கிறது: உறைய வைச்ச ராஸ்பெர்ரி 700 கிராம், 850 கிராம் மாம்பழக் கூழ் ரின் ஒண்டு (பொருட்கள்: மாம்பழம், சீனி, சிற்றிக் அமிலம், 100 கிராமில சீனி மொத்தம் 20 கிராம்). ஒரு ஜாடிக்கு ராஸ்பெர்ரி, மற்றதுக்கு மாம்பழம்.

கேள்வி: (1) பழம் இப்ப போடலாமோ, இல்லை முதலே போட்டிருக்க வேணுமோ? (2) அந்த மணத்துக்கு என்ன செய்யிறது? (3) கடையில விக்கிற பழ சைடர் மாதிரி இனிப்பாயும் வாயுவோடயும் வேணும். 1.004 இல இப்பவே போத்தலில அடைச்சால் மிச்சச் சீனி வாயுவாகும்தானே?

---

ஹெரிஃபோர்ட்காரன்:

மூன்றாவதுக்கு முதல் பதில்: இப்ப அடைக்க வேண்டாம். விளக்கம் கீழே யாராவது எழுதுவினம், நான் பழத்தைப் பற்றிச் சொல்லுறன்.

பழத்தை முதல்நாளே போடாதது நல்லது. முதல் வாரம் ஈஸ்ட் கொதிக்கிற கொதியில கரியமில வாயு லிட்டர் கணக்கில வெளியேறும், பழத்தின்ர வாசமும் அதோடையே ஏர்லாக்கால போயிடும். மிஞ்சுறது நிறமும் புளிப்பும்தான். சாறு முக்கால்வாசி புளிச்ச பிறகு போட்டால் அந்த இழப்பு குறைவு. உங்கட 1.004 சரியான இடம். 1.000 வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஈஸ்ட் இன்னும் கொஞ்சம் உயிர்ப்போட இருந்தால் பழத்தோட உள்ள போற ஒட்சிசனை அதுவே தின்னும்.

ராஸ்பெர்ரிக்கு 4 லிட்டருக்கு 700 கிராம் தாராளம். 400 போட்டால் நிறம் வரும், வாசம் மட்டுமட்டு. ஒரு கிலோவுக்கு மேல போனால் ஆப்பிள் இருந்த இடமே தெரியாது, புளிப்பும் ஏறும். உறைய வைச்ச பழம் புதுப் பழத்தைவிட நல்லது. உறையேக்க பழத்தின்ர செல்கள் வெடிக்கும், கரைஞ்ச உடன சாறு தானே வெளிய வரும், நசிக்கத் தேவையில்லை.

இப்ப பாத்திரம். 4 லிட்டர் ஜாடி கழுத்துவரை நிறைஞ்சிருக்கும், பழத்துக்கு இடமில்லை. 8 லிட்டர் அளவில மூடியோட உணவுத் தர பிளாஸ்ரிக் வாளி எடுங்கோ, மூடியில ஏர்லாக் துளை இருக்க வேணும். வாளி, சைபன் குழாய், வடிபை எல்லாத்தையும் ஸ்டார் சான் எண்ட கிருமிநீக்கிக் கரைசலில (லிட்டருக்கு 1.6 மில்லி) இரண்டு நிமிசம் நனைய விடுங்கோ. அலசத் தேவையில்லை, நுரை இருந்தால் இருக்கட்டும். பழத்தை மூடின பையோட வெளியில வைச்சுக் கரைய விட்டு, நைலோன் வடிபையில போட்டு, பைக்குள்ள கொதிக்க வைச்சு ஆறின கண்ணாடிக் குண்டு ஐந்தாறு போட்டுக் கட்டுங்கோ. குண்டு இல்லாட்டில் பை மிதக்கும், மேல காய்ஞ்சு நிக்கிற பழத்தில ரெண்டே நாளில பூஞ்சணம் பிடிக்கும்.

பெக்டிக் என்சைம் அரைத் தேக்கரண்டியைப் பழத்துக்கு மேல தூவி ஒரு மணித்தியாலம் விட்டிட்டு, பிறகு சைடரை அடிவண்டல் வராமல் சைபனால மேல விடுங்கோ. குழாயின்ர நுனி வாளியின்ர அடியில இருக்க வேணும், மேல இருந்து சளசளவெண்டு ஊத்தக் கூடாது. மதுசாரம் இருக்கிற இடத்தில என்சைம் மெதுவாத்தான் வேலை செய்யும், அதனாலதான் பழத்துக்கு முதலே போடச் சொல்லுறன்.

பழத்தைச் சூடாக்கிக் கிருமி நீக்கலாமோ எண்டு கேட்கிறவை இருக்கினம். வேண்டாம். பெக்டின் இளகி வந்து கலங்கல் நிரந்தரமாகும், சுவையும் ஜாம் ஆகும். ஆறு வீத மதுசாரமும் ராஸ்பெர்ரியின்ர புளிப்பும் சேர்ந்து பெரும்பாலான கிருமிக்கு இடம் குடுக்காது.

ஏழு முதல் பத்து நாள். வாளியைத் திறக்காமல் நாளுக்கு ஒருக்கா மெதுவா வட்டமா ஆட்டினால் போதும். பழம் வெளிறி வெள்ளையாப் போனால் எடுக்கிற நேரம். பதினாலு நாளுக்கு மேல விட்டால் விதையில இருந்து மரக்கசப்பு இறங்கும். பையை எடுக்கேக்க பிழியாதேங்கோ, தானா வடியட்டும். பிழிஞ்சால் வண்டலும் ஒட்சிசனும்தான் கூட வரும்.

பழம் போட்டால் மதுசாரம் ஏறும் எண்டது ராஸ்பெர்ரிக்குப் பொருந்தாது. உங்கட அடிச் சைடர் 1.048 இல இருந்து 1.000 போனால் 48 ஐ 0.131 ஆல பெருக்க 6.3%. 700 கிராம் ராஸ்பெர்ரியில சீனி ஒரு 30 கிராம்தான், ஆனால் அரை லிட்டருக்கு மேல தண்ணிச்சாறு வரும். கூட்டிக் கழிச்சால் 5.9% கிட்ட நிக்கும்.

---

நொதிப்பான்:

மாம்பழம் என் பக்கம். ஆனால் அதுக்கு முன்னாடி அந்த முட்டை நாற்றம்.

அது ஹைட்ரஜன் சல்பைடு. ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு. ஈஸ்ட் புரதம் கட்ட நைட்ரஜன் தேடும், கிடைக்காதபோது கந்தகம் மிச்சப்பட்டு வாயுவாக வெளியே வரும். நீங்கள் சத்து போடாத ஜாடிதான் நாறுகிறது என்பதே இதற்குச் சாட்சி. இப்போது சத்து போட்டுப் பயனில்லை. நொதித்தலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் போட்டிருக்க வேண்டும். கடைசியில் போட்டால் ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது, வேண்டாத பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. அடுத்த தடவை 4 லிட்டருக்கு டைஅமோனியம் பாஸ்பேட் 1 கிராம், ஈஸ்ட் பொங்க ஆரம்பித்த மறுநாள். அதற்குப் பதில் ஃபெர்மெய்ட்-ஓ என்ற ஈஸ்ட் சத்து என்றால் 1.5 கிராம்.

இப்போது செய்யக்கூடியது: ஒரு குவளையில் 100 மில்லி எடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு ஒன்றால் ஒரு நிமிடம் கிளறி முகர்ந்து பாருங்கள். நாற்றம் போனால் அது வெறும் ஹைட்ரஜன் சல்பைடுதான், தீர்வு சுலபம். முழு ஜாடியையும் சுத்தமான செம்புத் துண்டு வழியாக ஒரே ஒரு முறை சைபன் செய்து, கனத்த வண்டலை விட்டுவிட்டு மாற்றுங்கள். செம்பைச் சைடருக்குள் ஊறவிடக் கூடாது. புளிப்பில் செம்பு கரையும், அது குடிக்கத் தகாதது. செம்பு தொட்டும் நாற்றம் போகவில்லை, வெங்காயம் அல்லது ரப்பர் மாதிரி அடிக்கிறது என்றால் அது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அந்த ஜாடிக்குப் பழத்தை வீணாக்காதீர்கள்.

நாற்றம் போகும்வரை பழம் போடாதீர்கள். குறிப்பாக மாம்பழம் வேண்டாம். மாம்பழ வாசத்திலேயே கந்தகச் சேர்மங்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் எது கோளாறு எது பழம் என்று மூக்குக்குத் தெரியாது. ஆகவே சத்து போட்ட முதல் ஜாடிக்கு மாம்பழம், மற்றதைச் சரிசெய்தபின் ராஸ்பெர்ரி.

மாம்பழக் கூழுக்கு வடிபை உதவாது. கூழ் துணிக் கண்களை அடைத்துவிடும், உள்ளே ஒரு உருண்டையாக நிற்கும். நேராக வாளியில் ஊற்றுங்கள், ஒரு தேக்கரண்டி பெக்டிக் என்சைம் கலந்து 12 மணி நேரம் அறை வெப்பத்தில் மூடி வைத்துவிட்டு அதன்மேல் சைடர். ராஸ்பெர்ரிக்குச் சொன்னதுபோல இரண்டு மடங்கு என்சைம், பன்னிரண்டு மடங்கு நேரம். மாம்பழத்தில் பெக்டின் அவ்வளவு.

கணக்கு: 850 கிராமில் 20% என்றால் 170 கிராம் சர்க்கரை. இது ராஸ்பெர்ரி மாதிரி சாது இல்லை, மறுபடி பொங்கும். வாளியில் கால்பங்கு இடம் காலியாக இருக்கட்டும். ஏர்லாக்கில் கூழ் ஏறி அடைத்துக்கொண்டால் மூடி பறந்து சுவரெல்லாம் மஞ்சள் அடிக்கும். முதல் மூன்று நாள் ஏர்லாக்குக்குப் பதில் ஒரு தடித்த குழாயைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விடுவது நல்லது. முடிவில் ஆல்கஹால் 7.5% வாக்கில் வரும். இதை ஹைட்ரோமீட்டரில் பார்க்க முயலாதீர்கள். கூழ் கெட்டியாக இருப்பதால் மிதவை பொய் சொல்லும். லேபிள் கணக்குதான் நம்பகம்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் அடியில் ஒரு லிட்டர் அளவுக்கு மஞ்சள் சேறு, தொட்டாலே எழும்பும். வாளியோடு குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 4 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் அது பாதியாக அமுங்கும். அதற்குமேல் பேராசைப்பட்டு உறிஞ்சாதீர்கள். சேறு பாட்டிலுக்குப் போனால், திறக்கும்போது துகள்களைப் பிடித்துக்கொண்டு வாயு பீறிடும், பாதி பாட்டில் மேசையில்தான். 4.7 லிட்டரில் 3.6 லிட்டர் தேறினால் திருப்திப்படுங்கள்.

இன்னொன்று, ஏமாற்றம் வராமலிருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன். நாம் 'மாம்பழச் சுவை' என்று நினைப்பதில் பாதி இனிப்புதான். சர்க்கரை புளித்துப் போனபின் மிஞ்சுவது ஒரு பிசின் வாசமும் காய்ந்த தோல் மணமும். அதனால்தான் மாம்பழ சைடரைக் கொஞ்சம் இனிப்பு சேர்க்காமல் யாரும் ரசிப்பதில்லை. ராஸ்பெர்ரி இனிப்பில்லாமல் இருந்தாலும் நிற்கும், மாம்பழம் நிற்காது.

---

ஸ்காபரோ_ஜாடி:

ரெண்டு பேருக்கும் நன்றி. செம்புச் சோதனையில மணம் போயிட்டுது. ஜாடியளை மாத்திப் போடுறன். இப்ப இனிப்பும் வாயுவும்? சீனி கூடப் போட்டால் ஈஸ்ட் அதையும் திண்டிடும், போடாட்டில் இனிப்பில்லை. கடைக்காரர் எப்பிடிச் செய்யினம்? பாவிக்க நினைச்சிருக்கிறது வீட்டலங்காரக் கடையில வாங்கின கம்பி மூடிப் போத்தல் பத்து.

---

மெல்பேர்ன்_மூடி:

அந்தப் பத்துப் போத்தலிலும் எண்ணெய் ஊத்தி வையுங்கோ. சைடருக்கு வேண்டாம். கம்பி மூடி இருக்கிறதாலேயே அது அழுத்தம் தாங்கும் எண்டில்லை. அலங்காரப் போத்தல் மெல்லிய கண்ணாடி, சதுர வடிவமெண்டால் மூலையால வெடிக்கும். பியர் அடைச்சு வந்த தடித்த கம்பி மூடிப் போத்தல், 26 மில்லிமீற்றர் தகர மூடி அடிக்கிற பியர்ப் போத்தல், ஷாம்பெய்ன் போத்தல், இல்லாட்டில் சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தல். இந்த நாலுக்கு வெளியில போகாதேங்கோ.

கடைக்காரர் ஈஸ்டை வடிகட்டி எடுக்கினம் அல்லது சூடாக்கிக் கொல்லினம், பிறகு சாறோ சீனியோ சேர்த்து, உருளையில இருந்து வாயு ஏத்தி அடைக்கினம். போத்தலுக்குள்ள உயிரோட ஈஸ்ட் இல்லை. வீட்டில போத்தலுக்குள்ள வாயு வர வேணுமெண்டால் ஈஸ்ட் உயிரோட இருக்க வேணும், உயிரோட இருந்தால் சீனியை விடாது. ஆகவே ஈஸ்டால தின்னேலாத இனிப்பைத்தான் பாவிக்க வேணும்.

வாயுக் கணக்கு முதல். ஒரு லிட்டர் பானத்தில ஒரு லிட்டர் வாயு கரைஞ்சிருந்தால் அது 1 கொள்ளளவு. முழுக்கப் புளிச்ச சைடரில 20 பாகையில ஏற்கெனவே 0.85 இருக்கும். துள்ளலான சைடருக்கு 2.5 வேணும். மிச்சம் 1.65. லிட்டருக்கு 4 கிராம் சீனி ஏறக்குறைய 1 கொள்ளளவு குடுக்கும், அப்ப லிட்டருக்கு 6.5 கிராம். ராஸ்பெர்ரி 4 லிட்டர் தேறினால் 26 கிராம், மாம்பழம் 3.6 எண்டால் 23 கிராம். கரண்டியால அளக்காதேங்கோ, தராசில நிறுங்கோ. 60 மில்லி கொதிநீரில கரைச்சு ஆற விட்டு, வெறும் வாளியின்ர அடியில ஊத்தி, அதுக்கு மேல சைடரைச் சைபன் பண்ணினால் தானே சுழண்டு கலக்கும். போத்தலுக்குப் போத்தல் சீனி போடுற பழக்கம் இருந்தால் விடுங்கோ. ஒண்டு செத்த பானம், ஒண்டு குண்டு, அப்பிடித்தான் வரும்.

1.004 இல ஏன் அடைக்கக் கூடாது? ஹைட்ரோமீற்றரில ஒரு புள்ளி, அதாவது 0.001 இறங்கினால் ஏறக்குறைய அரைக் கொள்ளளவு வாயு. இசி-1118 உங்கட சாறை 0.998 வரைக்கும் இறக்கக் கூடும். ஆறு புள்ளி, 3 கொள்ளளவு, அதோட ஏற்கெனவே உள்ள 0.85. சாதாரண பியர்ப் போத்தலுக்கு 3 தான் எல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இதில நீங்கள் சீனியும் போட்டிருந்தால் போத்தல் இல்லை, கண்ணாடிச் சிதறல்தான்.

ஏர்லாக் குமிழி நிண்டது ஒரு சாட்சியே இல்லை. அறை குளிர்ந்தாலும் நிக்கும், மூடி இடுக்கால கசிஞ்சாலும் நிக்கும், புளிச்சு முடிஞ்ச பிறகும் வெயில் பட்டால் திரும்ப வரும். பழம் எடுத்த பிறகு மூண்டு நாள் இடைவெளியில ரெண்டு அளவு, ரெண்டும் ஒரே எண், அதுவும் 1.000 அல்லது அதுக்குக் கீழ. அப்பதான் அடைக்கலாம். ரிஃப்ராக்டோமீற்றர் (ஒளியால சீனி அளக்கிற கருவி) வைச்சிருக்கிறவை கவனம்: மதுசாரம் வந்த பிறகு அது காட்டுறது பிழையான எண்.

இனிப்புக்கு எரித்ரிட்டால். சீனியின்ர இனிப்பில 60 முதல் 70 வீதம், ஈஸ்ட் தொடாது, பின்சுவை பெரிசாத் தெரியாது. 100 மில்லிக் குவளை மூண்டு எடுத்து 2, 3, 4 கிராம் கரைச்சுக் குளிரவைச்சுக் குடிச்சுப் பாருங்கோ. ராஸ்பெர்ரிக்கு 2 காணும், மாம்பழத்துக்கு 4 தேவைப்படும். பிடிச்ச அளவை லிட்டருக்குப் பெருக்கி, வாயுச் சீனியோட சேர்த்துக் கரைச்சுப் போடலாம். கடைசி அடர்த்தியை இது போட முதல் அளந்து எழுதி வையுங்கோ, எரித்ரிட்டாலும் ஹைட்ரோமீற்றரை ஏத்தும். சைலிட்டோலும் இதே வேலை செய்யும், ஆனால் நாய் வளர்க்கிற வீட்டில அது வேண்டாம், கொஞ்சம் நக்கினாலே நாய்க்கு உயிராபத்து. பாற்சீனியும் புளிக்காது, ஆனால் இனிப்பு மிகக் குறைவு, பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளிக்குச் சொல்ல வேணும்.

ஒரு பிளாஸ்ரிக் போத்தலை எப்பவும் சேர்த்து அடையுங்கோ. அது கல்லுப்போல இறுகினால் கண்ணாடிப் போத்தலுகளும் தயார். 20 பாகையில ரெண்டு கிழமை எடுக்கும்.

---

காலை_பனி:

எரித்ரிட்டால் எல்லாம் எதுக்கு? சீனியே போட்டு, வாயு சரியான அளவு வந்ததும் போத்தலைச் சுடுதண்ணியில வைச்சு ஈஸ்டைக் கொல்லலாமே. பலர் செய்யினம்.

---

மெல்பேர்ன்_மூடி:

செய்யினம், நானும் மறுக்கேல்லை. பானையில தண்ணியை 75 பாகைக்குக் கொண்டுவந்து அடுப்பை நிப்பாட்டி, அடியில துணி விரிச்சு, அறை வெப்பத்தில இருக்கிற போத்தலை (பிரிட்ஜில இருந்து எடுத்ததை இல்லை) இறக்கி, மூடி போட்டு 10 நிமிசம். முறை அவ்வளவுதான். பிரச்சினை என்னெண்டால் சூடேறேக்க போத்தலுக்குள்ள அழுத்தம் பல மடங்கு ஏறும். 2.5 கொள்ளளவு எண்டு நினைச்சது உண்மையில 3.5 ஆ இருந்தால் அது தெரிய வாறது போத்தல் வெடிச்ச பிறகுதான். பழம் போட்ட சைடரில மிச்சச் சீனி எவ்வளவு எண்டு சரியாத் தெரியாது, மாம்பழத்தில இன்னும் மோசம். முதல் தடவை செய்யிற ஆளுக்கு இதைச் சொல்லமாட்டன். பிளாஸ்ரிக் போத்தலோட இதைச் செய்யவே கூடாது, அது உருகி வளையும்.

---

நொதிப்பான்:

வாயு வேண்டாம், இனிப்பு மட்டும் போதும் என்பவருக்கு இன்னொரு வழி: பொட்டாசியம் சோர்பேட். 4 லிட்டருக்கு 0.8 கிராம், கூடவே கேம்ப்டன் மாத்திரை (சல்பைட் மாத்திரை) ஒன்று பொடித்து. ஒரு நாள் விட்டுச் சர்க்கரையோ சாறோ சேர்க்கலாம். சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாது, அவ்வளவுதான். அதனால் தெளிந்து, வண்டல் நீக்கிய சைடருக்குத்தான் பலிக்கும். கலங்கலாக, ஈஸ்ட் கோடிக்கணக்கில் மிதக்கும்போது போட்டால் இருக்கிற கூட்டமே சர்க்கரையை முடித்துவிடும். மாத்திரை இல்லாமல் சோர்பேட் மட்டும் போடாதீர்கள். லாக்டிக் பாக்டீரியா சோர்பேட்டைத் தின்றால் ஜெரேனியம் இலை கசக்கிய மாதிரி ஒரு வாடை வரும், அதைப் போக்க எந்த மருந்தும் கிடையாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.

---

கோவை_ஆப்பிள்:

இதை கோயம்புத்தூரில் வீட்டில் செய்யலாமா? டெட்ரா பாக்கெட் ஆப்பிள் ஜூஸ், ரொட்டி ஈஸ்ட் போதுமா? மெத்தனால் வந்து கண் போய்விடும் என்கிறார்களே?

---

நொதிப்பான்:

தமிழ்நாட்டில் செய்ய வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகம் என்பது அங்கே விலக்காகாது. கனடாவிலும் பிரிட்டனிலும் வீட்டுத் தேவைக்குச் சைடர் புளிக்கவைக்கலாம், விற்கத்தான் கூடாது. ஊரைப் பொறுத்த விஷயம்.

மெத்தனால் பற்றி: பெக்டினிலிருந்து துளியளவு வரும், ஒயினில் இருக்கும் அளவுக்குத்தான், அது கண்ணைப் பறிக்காது. கேள்விப்படும் விஷச்சாராயச் சாவுகள் தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயத்தால் வருபவை. அதற்காகச் சைடரைக் காய்ச்சி வடிக்கலாம் என்று யாரும் போக வேண்டாம். உரிமம் இல்லாமல் அது கனடாவிலும் பிரிட்டனிலும் குற்றமே.

ரொட்டி ஈஸ்டும் புளிக்கவைக்கும். ஆனால் அடியில் சரியாகப் படியாது, ஊற்றும்போதெல்லாம் மாவு வாடை எழும்பும்.

---

ஹெரிஃபோர்ட்காரன்:

ஸ்காபரோக்காரருக்குக் கடைசியா ரெண்டு விஷயம், ஒருத்தரும் சொல்லாததால.

கடைச் சாறு பெரும்பாலும் சாப்பிடுற ஆப்பிளில இருந்து வாறது. சீனியும் புளிப்பும் இருக்கும், துவர்ப்பு இருக்காது. இங்க இங்கிலாந்தில சைடருக்கெண்டே வளர்க்கிற கிங்ஸ்டன் பிளாக், டாபினெற் மாதிரி ஆப்பிளைக் கடிச்சால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தத் துவர்ப்புத்தான் சைடருக்கு உடம்பு. அது இல்லாட்டில் எவ்வளவு பழம் போட்டாலும் தண்ணியாத்தான் இருக்கும். மலிவான வழி தேயிலை. இலங்கைத் தேயிலை இரண்டு தேக்கரண்டியை 150 மில்லி கொதிநீரில 10 நிமிசம் ஊற விட்டு, நல்லாக் கைக்க விட்டு, வடிச்சு ஆற வைச்சு, 4 லிட்டருக்கு முதலில பாதியை விடுங்கோ. குடிச்சுப் பாத்து மிச்சம். ராஸ்பெர்ரியின்ர விதையிலயும் கொஞ்சம் துவர்ப்பு இருக்கு, அதுக்குக் கால்வாசி காணும்.

மற்றது புளிப்பு. ராஸ்பெர்ரி தானே புளிக்கும், ஒண்டும் செய்யாதேங்கோ. மாம்பழம் சப்பெண்டு இருக்கும், ரின்னில உள்ள சிற்றிக் அமிலம் காணாது. மாலிக் அமிலம் 4 லிட்டருக்கு 3 கிராமில தொடங்குங்கோ, அதுவும் குவளையில முதல் சோதிச்சு. அமிலப் பொடி இல்லாட்டில் பேஷன் பழக் கூழ் 150 கிராமை மாம்பழத்தோட சேர்த்துப் போடலாம், எனக்கு அதுதான் பொடியைவிட நல்லதெண்டு படுது. பலர் மாம்பழச் சுவை வரேல்லை எண்டு இன்னொரு ரின் உடைச்சு ஊத்துவினம். தேவை மாம்பழம் இல்லை, புளிப்பு.

ஒண்டாரியோவில செப்ரெம்பர், ஒக்டோபரில தோட்டக்கடையில விக்கிற கலங்கலான சாற்றுக்கும் 'சைடர்' எண்டுதான் பேர், ஆனால் அது புளிக்காத சாறு. அடுத்த தடவை அதை எடுங்கோ, வடிகட்டின சாறைவிட வாசம் கூட. லேபிளில சோர்பேட் இருக்கோ எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ. ஈஸ்டையும் 71பி க்கு மாத்துங்கோ. இசி-1118 எதையும் புளிக்கவைக்கும், ஆனால் பழ வாசத்துக்கு அது பெரிசா உதவாது; 71பி மாலிக் அமிலத்தில ஒரு பகுதியைத் தின்னுறதால புளிப்பும் மென்மையாகும்.

---

ஸ்காபரோ_ஜாடி:

குறிச்சுக்கொண்டன். ஒரு சின்னச் சந்தேகம்: ராஸ்பெர்ரி வாளியில மேல மெல்லிய வெள்ளைப் படலம் வந்தால் எறியவோ?

---

ஹெரிஃபோர்ட்காரன்:

பச்சையோ கறுப்போ பஞ்சு மாதிரி மயிரோட நிண்டால் எறியுங்கோ. தூள் தூவின மாதிரி, சுருங்கின மெல்லிய வெள்ளைத் தோலெண்டால் அது ஒட்சிசன் இருக்கிற இடத்தில வளர்ற காட்டு ஈஸ்ட். படலத்துக்குக் கீழ குழாயை விட்டு, படலம் உடையாமல் சின்ன ஜாடிக்குக் கழுத்துவரை நிறைய மாத்தி, கேம்ப்டன் ஒண்டு போட்டால் நிக்கும். மாத்திரை போட்டால் நிறம் கொஞ்சம் வெளிறும், சில நாளில திரும்பும். ஆனால் அதுக்குப் பிறகு போத்தலில வாயு வர வைக்க வேணுமெண்டால் ஒரு கிழமை விட்டு, அடைக்கிற அண்டு புது ஈஸ்ட் ஒரு சிட்டிகை போடுங்கோ. மோந்து பாக்கேக்க வினாகிரி அடிச்சால் பரவாயில்லை, அதைத் துணியால மூடி வெளியில வையுங்கோ, ரெண்டு மாதத்தில நல்ல ராஸ்பெர்ரி வினாகிரி. மற்ற வாளிக்குக் கிட்ட மட்டும் வைக்காதேங்கோ.